பழைய ஜீப்புக்கு இன்ஜின் மாற்றப் போறீங்களா? போடிமெட்டு ஏறி இறங்கும் வண்டிக்கு எது சரி?

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஏலக்காய் தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்கள், தூக்குச்சட்டியோடு ஏறி உட்கார, வண்டிகள் வரிசையாக முந்தல் நோக்கிக் கிளம்பும். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் இறக்கிவிட்டு, மாலையில் அதே ஆட்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். இப்படித் தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிகளில் பல, 15 வயது, 20 வயதைத் தாண்டியவை.

ஒருநாள் மெக்கானிக் சொல்வார்: "அண்ணே, இன்ஜின் போச்சு. வேலை பார்க்கிறதா, வேற இன்ஜின் போடுறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க." அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பழைய இன்ஜினையே பிரித்து வேலை பார்ப்பதா? செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்குவதா? பவர் அதிகமான வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றுவதா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொல்வார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• மலை ஏறுவதை மட்டும் பார்த்து இன்ஜினைத் தேர்வு செய்யாதீர்கள். பாரத்தோடு இறங்கும்போது அந்த இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுமா என்பதையும் பாருங்கள்.
• உங்கள் வண்டியின் பிளாக் நல்ல நிலையில் இருந்தால், அதையே முழுதாக வேலை பார்ப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி. இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்.சி.யிலும் கை வைக்க வேண்டாம்.
• வேறு இன்ஜின் என்றால், அதே கம்பெனி, அதே மாடல், அதே எரிபொருள். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிய பிறகே மாற்ற வேண்டும்.
• வேறு வகை இன்ஜினை ஏற்றினால் பிரேக், கியர், ரேடியேட்டர், இன்சூரன்ஸ் என எல்லாவற்றிலும் சிக்கல் வரலாம்.

இது ஏன் போடிக்காரர்களுக்குப் பெரிய கேள்வி?

போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு கிட்டத்தட்ட 1,400 மீட்டர். அதாவது சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குள் வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முந்தலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி என்பதால் லாரி, பஸ், மூணாறு போகும் சுற்றுலா வண்டி எல்லாம் இதே பாதையில்தான் வரும்.

சமவெளியில் இன்ஜின் கொஞ்சம் தளர்ந்தால், வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. வளைவில் முதல் கியரில் நின்றுபோனால் பின்னால் பஸ் நிற்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். வண்டிக்குள் 8 பேர், 10 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏலக்காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் ஒரு நாள் வண்டி நின்றால் டிரைவருக்கு வாடகை போகும், தொழிலாளிக்குக் கூலி போகும்.

இந்த மலைக்கு ஜீப் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் கொண்டு வந்த நிறுவனம் மஹிந்திரா. முதலில் பெட்ரோல் இன்ஜின். பிறகு டீசல் வந்தது. பிரான்ஸின் பெஜோ நிறுவன வடிவமைப்பில் வந்த 2,112 சிசி டீசல் இன்ஜினை இன்றும் மெக்கானிக்குகள் "பெஜோ இன்ஜின்" என்றே சொல்வார்கள். அதோடு மஹிந்திராவின் 2.5 லிட்டர் டிஐ இன்ஜினும் உண்டு. கமாண்டர், மேஜர், மார்ஷல், பொலேரோ என மலையில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து இன்ஜின்கள்தான்.

முதல் கேள்வி: இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்ற ஒரே காரணத்துக்காக இன்ஜினை இறக்கிவிடக் கூடாது. இழுவை குறைய இன்ஜின் தேய்மானம் தவிர வேறு காரணங்களும் உண்டு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசல் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, பம்ப் டைமிங் மாறியிருப்பது, பிரேக் ஷூ பிடித்துக்கொண்டே இருப்பது, கிளட்ச் தேய்ந்திருப்பது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, இன்ஜின் செலவில் ஒரு சிறு பங்குதான்.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள்.

• நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு, வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.
• கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. நாசில், பம்ப், ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.
• இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம், அல்லது டீசல் சரியாக எரியாமல் வெளியேறலாம்.

இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று காற்றும் புகையும் தள்ளினால், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் கம்பி பால் கலந்த டீ மாதிரி நிறம் காட்டினால், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கம்ப்ரஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்றில் மட்டும் குறைவு என்றால் அந்த இடத்தில் மட்டும் கோளாறு. "இன்ஜின் மொத்தமும் போச்சு" என்று ஒருவர் சொன்னால், கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேளுங்கள். அளந்து பார்க்காமல் சொன்ன முடிவை நம்பிப் பெரிய தொகையைச் செலவு செய்யக் கூடாது.

உங்கள் முன் இருக்கும் வழிகள் என்னென்ன?

1. இருக்கும் இன்ஜினையே முழுதாக வேலை பார்ப்பது

இன்ஜினை இறக்கி, பிரித்து, பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்புவார்கள். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, ரீபோர் செய்து பெரிய அளவு பிஸ்டன் போடுவார்கள், அல்லது புது ஸ்லீவ் அடிப்பார்கள். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங், வால்வு சீட் கட்டிங், புது ரிங், ஆயில் பம்ப், கேஸ்கட் செட் எனப் பட்டியல் நீளும். பம்ப்பும் நாசிலும் தனியாகப் பம்ப் கடைக்குப் போகும்.

பெரிய லாபம்: உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிளாக் அதேதான் என்பதால் அதில் அடித்த இன்ஜின் நம்பரும் அதேதான். கியர்பாக்ஸ், மவுண்டிங், பிரேக் எதையும் மாற்ற வேண்டாம். குறை: வண்டி சில நாட்கள், சில நேரம் வாரக்கணக்கில் நிற்கும். வேலையின் தரம் முழுக்க லேத் பட்டறையையும் மெக்கானிக்கையும் பொறுத்தது.

பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, ஏற்கெனவே கடைசி அளவு வரை ரீபோர் செய்திருந்தாலோ யோசிக்க வேண்டும். கிராங்க் இனிமேல் கிரைண்ட் செய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் கிராங்க்கை மட்டும் மாற்றலாம்.

2. அதே மாடல் செகண்ட் ஹேண்ட் இன்ஜின்

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் கிடைக்கும். இரண்டு, மூன்று நாளில் வண்டி மறுபடி ஓடிவிடும். ஆனால், அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏன் கழற்றப்பட்டது என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வெளியில் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்.டி.ஓ. நடைமுறையும் கட்டாயம்.

"ஹாஃப் இன்ஜின்" வாங்கினாலும் இதே கதைதான். பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பகுதியைத்தான் அப்படிச் சொல்கிறோம். நம்பர் அடித்திருப்பது பிளாக்கில் என்பதால், ஹெட் உங்களுடையதாகவே இருந்தாலும் நம்பர் மாறிவிடும்.

3. வேறு மாடல், வேறு கம்பெனி இன்ஜின்

"டர்போ இன்ஜின் ஏத்துனா பறக்கும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பட்டறையில் எதை வேண்டுமானாலும் ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஏற்றிய பிறகு அந்த வண்டி பாரத்தோடு 17 வளைவுகளில் பாதுகாப்பாக இறங்குமா, சட்டப்படி ஓடலாமா என்பதுதான் கேள்வி. இரண்டையும் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

4. எலெக்ட்ரிக், சிஎன்ஜி கிட்

அரசு அங்கீகாரம் பெற்ற கிட்டை, அதற்கு அனுமதி பெற்ற இடத்தில் பொருத்தினால் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால், அந்தக் கிட் உங்கள் வண்டி மாடலுக்கே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மலைப்பாதையில் பாரத்தோடு எவ்வளவு தூரம் ஓடும், எங்கே சார்ஜ் போடுவது, வழியில் நின்றால் யார் சரிசெய்வது என்பதையும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மலையில் ஏன் பவர் குறைகிறது?

மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். இன்ஜின் உறிஞ்சும் காற்று குறைந்தால் எரியும் டீசலின் பலனும் குறையும். டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் தோராயமாக ஒரு சதவீதம் சக்தியை இழக்கும். கடல் மட்டத்தில் 60 குதிரைத் திறன் தரும் இன்ஜின், போடிமெட்டு உயரத்தில் சுமார் 52 குதிரைத் திறன்தான் தரும். தேய்ந்த இன்ஜின் என்றால் இதிலும் குறையும். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ள, காற்று மட்டும் குறைவதால்தான் மேலே ஏறும்போது சில வண்டிகள் கூடுதலாகக் கறுப்புப் புகை கக்குகின்றன.

டர்போ இந்தக் குறையைப் பெருமளவு சமாளிக்கும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதுதான் அதன் வேலை. எனவே, உங்கள் வண்டி மாடலிலேயே கம்பெனி டர்போ வைத்து விற்றிருந்தால் அது நல்ல வண்டிதான். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் வெளியிலிருந்து டர்போ மாட்டுவது வேறு விஷயம். பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கட், ரேடியேட்டர் எதுவும் அந்த அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் தயாரிக்கப்பட்டவை அல்ல.

இன்னொரு விஷயம். விளம்பரத்தில் போடும் குதிரைத் திறன், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. வளைவில் முதல் கியரில் மெதுவாகத் திரும்பும்போது தேவைப்படுவது குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்கு விசை, அதாவது டார்க். நம்ம ஊர் பேச்சில் சொன்னால் "இழுவை". பழைய 2.5 லிட்டர் டீசல், வேகத்தில் தோற்றாலும் இந்த இழுவையில் தோற்காது. 100 குதிரைத் திறன் உள்ள கார் பெட்ரோல் இன்ஜினை ஜீப்பில் ஏற்றினால், சமவெளியில் பறக்கும். வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்ச்சைத் தேய்த்து ஏற்ற வேண்டியிருக்கும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் முக்கியம்

இன்ஜின் மாற்றுகிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது.

முந்தல் நோக்கி இறங்கும்போது, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும். அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்குவார்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருப்பதால், அந்தத் தடையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய இன்ஜின் அதிகமாகப் பிடிக்கும், சிறிய இன்ஜின் குறைவாகப் பிடிக்கும். 2.5 லிட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, அதே குதிரைத் திறன் தரும் சிறிய இன்ஜினைப் போட்டால், ஏறும்போது வித்தியாசம் தெரியாமல் போகலாம். இறங்கும்போது தெரியும். கியர் விகிதமும் மாறியிருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும்.

அடுத்து பிரேக் பூஸ்டர். நாம் பெடலை மிதிக்கும் விசையைப் பல மடங்காக்கிக் கொடுப்பது இதுதான். இது வேலை செய்ய வேக்குவம் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தானாகக் கிடைக்கும். பழைய டீசல் இன்ஜினில் அப்படிக் கிடைக்காது. அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் உண்டு. பல ஜீப்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். இன்ஜின் மாற்றும்போது இந்தப் பம்ப், அதன் ஹோஸ், ஆயில் போகும் குழாய் எல்லாம் சரியாக வந்தாக வேண்டும். ஒரு ஹோஸில் கசிவு இருந்தாலும், கீழே ஊருக்குள் ஓட்டிப் பார்க்கும்போது தெரியாமல், இறக்கத்தில் நான்கைந்து முறை மிதித்த பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில், அல்லது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே புரியும். இன்ஜின் அணைந்தால் வேக்குவம் உற்பத்தி நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். கியரின் பிடிப்பும் இல்லை.

புது இன்ஜின் ஏற்றிய வண்டியை மெக்கானிக் "டிரையல் பார்த்தாச்சு" என்று கொடுத்தால், எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். ஆள் ஏற்றாமல், ஒரு மலைப்பாதையில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே தொழிலாளர்களை ஏற்ற வேண்டும்.

வேறு இன்ஜின் பொருந்துமா? இவற்றைப் பாருங்கள்

• எடை: கனமான இன்ஜின் முன் பட்டையை அழுத்தும், ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்குக்கும் வேலை கூடும்.
• மவுண்டிங்: சேஸிஸில் வெட்டி, வெல்டிங் வைத்து ஏற்றினால் குலுங்கும் பாதையில் அந்த வெல்டிங் எத்தனை நாள் தாங்கும்?
• கிளட்ச், கியர்பாக்ஸ், கிரவுன்: இன்ஜின் இழுவை கூடினால் இவை தாங்குமா? நடுவில் அடாப்டர் தட்டு போட்டால் மையம் கொஞ்சம் விலகினாலும் பேரிங் போய்விடும்.
• ரேடியேட்டர்: மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும், எதிர்க்காற்று குறைவு. ஃபேனும் ரேடியேட்டரும்தான் காப்பாற்ற வேண்டும்.
• வயரிங்: காமன் ரெயில் டீசல் இன்ஜின் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுவது. சென்சார், வயர், இசியூ எல்லாம் முழு செட்டாக வேண்டும். மழையும் மூடுபனியும் உள்ள மலையில் ஒரு சென்சார் போனால் வழியில் நிற்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினை ஸ்பேனர் வைத்தே ஓட வைத்துவிடலாம்.
• உதிரிபாகம்: உங்கள் ஊர் கடையில் கிடைக்குமா, மதுரைக்குப் போக வேண்டுமா, அங்கும் ஆர்டர் போட வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே இதன் சாரம். அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாற்றுவதற்கு நிபந்தனையுடன் வழி இருக்கிறது.

2019 ஜனவரி 9 அன்று, கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதி செய்தது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவாகச் சொன்னது. போடி ஜீப்கள் தினமும் எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் ஓடுகின்றன. இரண்டு மாநில அதிகாரிகளும் சோதனை செய்யலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் அதே மாடல் இன்ஜினை மாற்றலாமா? ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கி மாற்ற வேண்டும். பிறகு புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாற்றத்தைத் தெரிவிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 14 நாட்கள். குறைந்தது 10 போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்களுக்கு, மாநில அரசு அதிகாரம் அளித்தால் அதே வகை இன்ஜினை முன் அனுமதியின்றி மாற்றும் சலுகை சட்டத்தில் உண்டு. ஒன்றிரண்டு ஜீப் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால், அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

மீறினால்? 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தை விடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழலாம். விபத்து நடந்த பிறகு ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்றால் க்ளெய்ம் சிக்கலில் மாட்டும். வண்டிக்குள் தொழிலாளர்கள் இருந்த விபத்து என்றால், அந்தச் சிக்கல் எத்தனை குடும்பங்களைப் பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கும்போது...

• இன்ஜின் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா? தேய்த்து அழித்தது, மறுபடி அடித்தது போலத் தெரிந்தால் தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருக்கலாம்.
• நம்பர் குறிப்பிட்ட பில் வாங்குங்கள். அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான ஆவண நகலையும் கேளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இவை இல்லாமல் வேலை நடக்காது.
• முடிந்தால் ஓடும் நிலையில் பாருங்கள். கழற்றி வைத்தது என்றால் கையால் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள், கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.
• ஆயில் சம்ப்பைக் கழற்றி உள்ளே இரும்புத் தூள், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.
• வாரண்டி தருவதாகச் சொன்னால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னாடி உதவாது.

செலவுக் கணக்கை எப்படிப் போடுவது?

விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம் மட்டும்: ஒரு லட்சம் ரூபாய் செலவழித்து நன்றாக வேலை பார்த்த இன்ஜின் ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைத்தால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். 60,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய இன்ஜின் 30,000 கிலோமீட்டரில் மறுபடி இறங்கினால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய். அதோடு இரண்டு முறை ஏற்றி இறக்கிய கூலி, ஆர்.டி.ஓ. அலைச்சல், வண்டி நின்ற நாட்களின் வாடகை. உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. இந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் ஓடும்? சேஸிஸ் துரு எப்படி இருக்கிறது? எஃப்.சி. எப்போது? சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகளுக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார், ஜீப்புக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்கு இருக்கும் கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்றாலும், தகுதிச் சோதனையில் தேறாத வண்டியில் புது இன்ஜின் போட்டு என்ன பயன்?

மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு...

ஊருக்குள் தினமும் ஓட்டும் பழைய காருக்கும் இதே விதிகள்தான். ஒரு கூடுதல் எச்சரிக்கை: மாருதி 800, ஆம்னி இரண்டிலும் இருப்பது 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின்தான். அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். 800-ல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தள்ளுகிறது. மவுண்டிங்கும் சுற்றியுள்ள பாகங்களும் வேறுபடும். கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐ வண்டியா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

இன்ஜின் ஏறிய பிறகு

புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழக நேரம் வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை முழு பாரத்தோடு மலை ஏற்றாமல், கீழே ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், இன்ஜினை முக்க விடாமல் ஓட்டுவது நல்லது. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள், அதில் இரும்புத் தூள் இருக்கும். சூடு காட்டும் மீட்டரும் ஆயில் பிரஷர் விளக்கும் வேலை செய்கிறதா என்று முதல் நாளே உறுதி செய்யுங்கள். பழைய வண்டிகளில் இவை இரண்டும் எப்போதோ செத்துப்போயிருக்கும். நல்ல இன்ஜின் சூட்டில் பிடித்துக்கொள்ள இதுவே பெரிய காரணம். ஃபேன் பெல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், அதோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் எல்லாம் அந்த ஒரு பெல்ட்டில்தான் ஓடுகின்றன.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

தினமும் ஆள் ஏற்றி மலை ஏறும் வண்டி என்றால் வரிசை இதுதான். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். பிளாக் தேறினால் அதே இன்ஜினை முழுதாக வேலை பாருங்கள். தேறாவிட்டால் அதே மாடல் இன்ஜினை, பில்லோடும் ஆர்.டி.ஓ. அனுமதியோடும் மாற்றுங்கள். அந்த மாடல் கிடைக்கவே இல்லை, சேஸிஸும் தளர்ந்துவிட்டது என்றால், அந்தப் பணத்தை இன்னும் ஆயுள் உள்ள வேறு வண்டிக்கு முன்பணமாகப் போடுவதே மேல்.

புது இன்ஜின் போட்டாலும், ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறாது. "இப்ப நல்லா இழுக்குதே" என்று இன்னும் நாலு பேரைக் கூடுதலாக ஏற்றினால், சாயங்காலம் இறங்கும்போது அந்த எடையையும் சேர்த்து அதே பழைய பிரேக்தான் பிடிக்க வேண்டும்.